உன் மனுவில் நான் போட்ட கையெழுத்து

என்னைப் பெயர் சொல்லி அதட்ட இருந்த ஒரே ஆளான என் அக்கா கற்பகத்துக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. ‘இங்கு அனைவரும் நலம்’ என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. கொரட்டூர் வீட்டில் நான், என் மனைவி உமா, உன் பெண் அபிநயா மூன்று பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம். பேச்சு குறைவு. டி.வி. மட்டும் ஓடுகிறது.

முதலில் நல்ல சேதி. அபி பன்னிரண்டாவது பாஸ். நீ சேர்த்துவிட்ட அதே அரசுப் பெண்கள் பள்ளியில் கணக்கில் அவள்தான் முதல். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு இடமும் கிடைத்துவிட்டது. நீ இருந்திருந்தால் சேக்காட்டில் உன் தெருவில் ஒரு வீடு விடாமல் மிட்டாய் கொடுத்திருப்பாய். குழாயடிச் சண்டையில் உன்னோடு பேச்சை நிறுத்தியவள் வீட்டுக்கும் போய், அவளிடம் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றுவிட்டு வந்திருப்பாய்.

கெட்ட சேதி, அவள் சேர மாட்டேன் என்கிறாள். வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நீ கடைசிவரை வேலை பார்த்த அந்தப் பேக்கிங் கம்பெனிக்கே போகப்போகிறாளாம். கான்ட்ராக்டரிடம் பேசியும் வைத்துவிட்டாள். காரணம் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதினால் போதாது என்பதால் ஊர் பார்க்கவே எழுதுகிறேன். நான் செய்ததெல்லாம் ஊர் பார்க்கச் செய்ததுதானே.

எங்கள் அடுக்ககத்துச் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனேன் என்று சொன்னபோது நீ, “செயலாளர்னா இன்னாடா, தண்ணி லாரிக்குப் போன் போடற வேலையா?” என்று கேட்டாய். பாதி அதுதான் அக்கா. மீதிப் பாதி, கூட்டம் நடந்தால் கடைசியில் நன்றியுரை சொல்வது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலை, கீழ்த்தளத்துக் கூடத்தில் ஒரு கட்சிக்காரரைப் பேச அழைத்திருந்தார்கள். எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை. அவர் பேசியதைப் பல கட்சிக்காரர்கள் பல இடங்களில் பேசுகிறார்கள். நன்றாகவே பேசினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நம் வீட்டு ஆள் மாதிரி பேசினார்.

“உங்க வரிப்பணம் எங்க போகுதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? சைக்கிள் ஃப்ரீ, பஸ் ஃப்ரீ, அரிசி ஃப்ரீ, மாசமானா பேங்க்ல பணம் வேற. அப்புறம் வேலைக்கு ஆள் கிடைக்கலைன்னா எப்படிக் கிடைக்கும்? பத்துப் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூலுக்கு மூணு வாத்தியார் சம்பளம். ஜனங்களைச் சோம்பேறி ஆக்கி வெச்சிருக்காங்க. நீங்க உழைக்கறீங்க, அவங்க உக்காந்து சாப்பிடறாங்க.”

கைதட்டல். நானும்தான் தட்டினேன். பிறகு மைக்கை வாங்கி, முந்தின நாளே எழுதி வைத்திருந்த நன்றியுரையைப் படித்தேன். அதில் ஒரு பத்தி என்னைப் பற்றி. ‘நான் யாரிடமும் கையேந்தாமல் சொந்த உழைப்பில் முன்னுக்கு வந்தவன். கொடுத்துப் பழக்கினால் மனிதன் கெட்டுப்போவான் என்பதை என் குடும்பத்திலேயே பார்த்தவன்.’ குடும்பத்தில் யாரைப் பார்த்தேன் என்று கேட்காதே. வாக்கியம் எடுப்பாக இருந்தது, எழுதிவிட்டேன். அதற்கும் ஒரு கைதட்டல் விழுந்தது.

தலை நிமிர்ந்தபோது கூடத்து வாசலில், செருப்புகள் கழற்றிப் போட்டிருந்த இடத்தில் அபி நின்றுகொண்டிருந்தாள். வீட்டுச் சாவியை வாங்கிப்போக வந்தவள். சாவியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் மேலே போனதும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “மாமா, நீங்க அதை வீட்லயே எழுதினு போனீங்களா, அங்க போய் வாய்க்கு வந்ததைச் சொன்னீங்களா?”

வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. என் சட்டைப் பையில் அந்தக் காகிதம் மடித்து இருந்தது, அவளுக்கும் அது தெரிந்தது.

சொந்த உழைப்பு. இந்த மூன்று வாரமாக அந்தச் சொல்லைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன். அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது நான் ஐந்தாவது, நீ எட்டாவது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டது மத்தியானத்தில் சத்துணவுக் கூடம், ராத்திரியில் அம்மா. சட்டைத் துணி பள்ளிக்கூடம் கொடுத்தது. புத்தகம் பள்ளிக்கூடம் கொடுத்தது. பஸ் பாஸை நான் தொலைத்துவிட்டு நின்ற அன்று, புதுப் பாஸ் வாங்க நீதான் என் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாய். “இவன் தொலைச்சது தப்புதான் சார். ஆனா நடந்து வந்தான்னா பாதி நாள் வரமாட்டான்” என்றாய். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஐ.டி.ஐ.யில் படித்ததும் அரசாங்கச் செலவு.

அன்றைக்கு யாரும் அதை இலவசம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. பள்ளிக்கூடம் என்றார்கள், சாப்பாடு என்றார்கள், பாஸ் என்றார்கள். எனக்குக் கொடுத்தது எல்லாம் அந்தந்தப் பெயரோடு வந்தது. இப்போது இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கும்போது மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்துவிட்டோம்.

பத்தாவதோடு நீ நின்றாய். நான் படிக்கட்டும் என்று நின்றாய். அரசாங்கமும் நீயும் கொடுத்ததைக் கழித்துவிட்டால் என் சொந்த உழைப்பு எவ்வளவு மிஞ்சும்? ஏதோ கொஞ்சம் மிஞ்சும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை மைக்கில் சொல்லும் அளவுக்கு இருக்காது.

அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அபி உள்ளே போய், உன் பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அவள் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வைத்திருப்பாயே, பட்டன் வைத்த அந்த நீலக் கவர். அதிலிருந்து ஒரு தாளை எடுத்து என் தட்டுப் பக்கத்தில் வைத்தாள். தாலுகா ஆபீசிலிருந்து ஆறு வருஷத்துக்கு முன் உனக்கு வந்த பதில். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை கேட்டு நீ கொடுத்த மனுவுக்கான பதில்.

‘மனுதாரரைத் தாம் பராமரித்து வருவதாக அவரது சகோதரர் விசாரணையில் எழுத்துமூலம் தெரிவித்துள்ளதால் மனு நிராகரிக்கப்படுகிறது.’

“இது நீங்கதானே மாமா?” என்றாள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்கு அன்றைக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரியும், நீ அங்கேதான் நின்றாய்.

உன் வீட்டுக்காரர் பெங்களூருக்கு வேலைக்கென்று போனவர் போனவர்தான். அங்கே வேறு குடித்தனம் என்று தெரிந்தும் ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது. யாரோ சொல்லி நீ மனு போட்டிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் குதிப்பேன் என்று உனக்குத் தெரியும். அந்தச் சமயம்தான் அபி பெரியவள் ஆனாள். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் வைத்தே ஆகவேண்டும். நான் விடுவேனா. நூற்றொரு வரிசைத் தட்டு, மேளம், தெருமுனையில் இந்தப் பக்கக் கம்பத்திலிருந்து அந்தப் பக்கக் கம்பம்வரை பேனர். ‘தாய்மாமன் சீர்’ என்று தங்க எழுத்து. அதற்குக் கீழே கூலிங் கிளாஸோடு நான். அபியின் படம் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. உன் படம் இல்லவே இல்லை.

விசேஷத்துக்கு மறுநாள் வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தார். பேனர் இன்னும் அவிழ்க்கவில்லை. வாடகைப் பாத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்த நான்தான் வாசலில் இருந்தேன். சுற்றிலும் தெருப் பெண்கள். அவர் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அதுல இருக்கிறது நீங்கதானே? இவ்ளோ பெரிய தாய்மாமன் இருக்கும்போது இவங்களை ஆதரவு இல்லாதவங்கன்னு நான் எப்படிங்க எழுதறது?”

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஆதரவு இல்லாதவள் என்ற சொல் என் முகத்தில் வந்து விழுந்தது. நேற்றுத்தான் நூற்றொரு தட்டு வைத்தவன்.

“யார் சார் சொன்னது? அக்காவை நான்தான் பார்த்துக்கறேன்” என்றேன்.

கெட்ட மனிதர் இல்லை அந்த வி.ஏ.ஓ. இரண்டாவது தடவை கேட்டார். “யோசிச்சுச் சொல்லுங்க. விசேஷத்துக்குச் செய்யறதைக் கேக்கல. மாசாமாசம் நீங்கதான் பார்த்துக்கறீங்களா?”

“என்ன சார் கேள்வி இது, கூடப் பொறந்தவ சார்.” அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். என் கம்பெனியில் ஒரு பெட்டி ஆணியைக்கூடச் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நான், தரக்கட்டுப்பாட்டு மேலாளர். அதைப் படித்துப் பார்க்கவே இல்லை.

எதிர் வீட்டு அம்மா மட்டும் வாயைத் திறந்து, “தம்பின்னா இப்டி இருக்கணும் கற்பகம், குடுத்து வெச்சவடி நீ” என்றார். நீ வி.ஏ.ஓ.வுக்கு டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றாய். சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பெருமையாக இருந்தது. அது என்ன சிரிப்பு அக்கா? உனக்கும் கொஞ்சம் பெருமைதானா, இல்லை இவனிடம் என்ன சொல்லி ஆகப்போகிறது என்றா? உன்னிடம் கேட்டிருக்க ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தது.

சாயங்காலம் நான் கிளம்பும்போது, “ஏன் என்கிட்ட சொல்லல?” என்று சத்தம் போட்டேன். “போவட்டும் வுடுடா. நீ கீறேன்னு சொன்னியே, அதே போதும்” என்றாய்.

இருந்தேனா? முதல் இரண்டு மாதம் கொடுத்தேன். பிறகு இந்த வீட்டுக்குத் தவணை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நான் உனக்குக் கொடுத்தது தீபாவளிக்கு ஒரு புடவை, பொங்கலுக்கு ஒரு புடவை. பார்த்துக்கொள்கிறேன் என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, வருஷத்துக்கு இரண்டு புடவையோடு முடித்துக்கொண்டேன்.

பின்னால் வீட்டுத் தலைவிகளுக்கு மாதாமாதம் பணம் போடும் திட்டம் வந்தபோதும் உனக்குக் கிடைக்கவில்லை. உன் பெயரும் அபி பெயரும் என் ரேஷன் கார்டில் இருந்தன. என் சம்பளமும் என் காரும் உன் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டன. தனிக் கார்டு எடுத்துக்கொள்கிறேன் என்று நீ ஒருமுறை மெதுவாகக் கேட்டாய். பேரை எடுத்தால் தம்பி கழற்றிவிட்டான் என்று ஊர் பேசும் என்றேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை.

இதெல்லாம் எனக்கு அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நான் அபியிடம் கேட்டேன், “அம்மா ஏன் மறுபடியும் மனு போடலை? பணம் வரலைன்னா போட்டிருக்கலாம் இல்ல?”

அவள் தாளை மடித்துக் கவரில் வைத்துக்கொண்டே சொன்னாள். “அம்மா கேட்டாங்க மாமா. நானும் கூட போனேன் ஆபீசுக்கு. தம்பி பார்த்துக்கல, அவரு சொன்னது பொய்யின்னு கைப்பட எழுதிக் குடுக்கணும்னாங்க. அம்மா பேனாவை வாங்குனாங்க. கொஞ்ச நேரம் வெச்சினு இருந்தாங்க. அப்புறம் என் தம்பிய அப்டிலாம் எழுத முடியாதுன்னு குடுத்துட்டு வந்துட்டாங்க.”

எழுதியிருக்கலாமே அக்கா. அது உண்மைதானே. உண்மையை எழுதுவதற்கு என்ன?

உனக்கு எப்படி உயிர் போனது என்று நான் எல்லோரிடமும் பிரஷர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிரஷர்தான். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் அதை வாங்கப் போகிற நாள் உனக்கு இலவசம் இல்லை. கான்ட்ராக்ட் வேலையில் போகாத நாளுக்குக் கூலி கிடையாது, இரண்டு நாள் போகாவிட்டால் மூன்றாம் நாள் உன் இடத்தில் வேறொருத்தி. வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பெண் வந்தபோதெல்லாம் உன் வீட்டில் பூட்டு. பிரஷர் பார்க்காமல் கொடுக்கக்கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவாளாம். நீ அட்டைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர், “எப்ப இருந்து மாத்திரை நிறுத்தினாங்க?” என்று கேட்டபோது, “இல்ல சார், ஒழுங்கா சாப்பிடுவாங்க” என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அபி பின்னாலிருந்து, “நாலு மாசமா இல்ல” என்றாள். உன்னைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அந்தக் கட்சிக்காரர் சோம்பேறி என்று சொன்னார் இல்லையா? அந்த உதவித்தொகை வந்திருந்தால் நீ சோம்பேறி ஆகியிருப்பாயா என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஆகியிருக்க வேண்டும் அக்கா. மாதத்தில் ஒரே ஒரு நாள் ஆகியிருக்க வேண்டும். அந்த ஒரு நாள் ஷிஃப்டுக்குப் போகாமல், ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து, மாத்திரையை வாங்கிக்கொண்டு, வரும் வழியில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்திருக்க வேண்டும். அந்த ஒரு நாள் சோம்பலை வாங்கித்தரத்தான் அந்தப் பணம்.

குறை இல்லையென்று நான் சொல்லவில்லை. தகுதி இல்லாதவன் வாங்குகிறான், தெரியும். அபி பள்ளியில் கணக்கு டீச்சர் இல்லாமல் அரை வருஷம் ஓடியது, அவளே பாடம் பார்த்துக்கொண்டாள். கழிப்பறையைப் பற்றி அவளைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சங்கத்தில் இதைத்தான் சொல்கிறார்கள், “கவர்மென்ட் ஸ்கூல்னா அப்படித்தான்” என்று. எங்கள் அடுக்ககத்து லிஃப்ட் மாதத்தில் பத்து நாள் ஓடாது. லிஃப்ட் வேண்டாம், மூடிவிடலாம் என்று இதுவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் தீர்மானம் போட்டதில்லை. ரிப்பேர்காரனைத்தான் கூப்பிடுகிறோம்.

இன்னொன்றும் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. நான் வேலை பார்க்கும் எஸ்டேட்டே அரசாங்கம் இடம் கொடுத்து, ரோடு போட்டு, முதலாளிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்த இடம். என் வீட்டுக் கடனுக்கு வரியில் கழிவு உண்டு. அதை வாங்கும்போது எனக்குக் கை கூசியதில்லை. யாரும் என் வாசலில் வந்து நின்று, பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்க்க, என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேட்டதும் இல்லை. எனக்குத் தந்தால் சலுகை. நீ பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஏறினால் ஓசி. அந்த ஓசி பஸ் வந்த பிறகுதானே நீ ஷேர் ஆட்டோவில் ஒருக்களித்துத் தொங்காமல் ஆவடியிலிருந்து உட்கார்ந்து போனாய்? “ஜன்னல் சீட்டுடா பாபு, ராணி மாதிரி போறேன்” என்று போனில் சொன்னாய். நான் காரில் சிக்னலில் நின்றுகொண்டு சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். நீயும் வாங்குகிற சோப்பு, எண்ணெய் ஒவ்வொன்றிலும் வரி கட்டினவள்தானே?

சரி, அபி விஷயத்துக்கு வருகிறேன்.

தாளைக் காட்டிய மறுநாள்தான் கல்லூரிக்குப் போகவில்லை என்றாள். நான் கோபப்படவில்லை, நம்பு. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

“சேர்ந்தா கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு மாசாமாசம் குடுக்கறதை எழுதிக் கேக்கணும். பஸ்ஸுக்கு, நோட்டுக்கு அதான். நான் அதை வாங்கினு, உங்க ஊட்ல இருந்து, நீங்க கீழ போய் உக்காந்து சாப்பிடறவங்கன்னு பேசினு… எதுக்கு மாமா? உங்களுக்கும் அசிங்கம். அம்மாவுக்கு வேணாம்னு நீங்க சொன்னீங்க. எனக்கு நானே சொல்லிக்கறேன்.”

“நான் ஃபீஸ் கட்டறேன், நான் பஸ்ஸுக்குத் தரேன்” என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, அதே ஆள்தான், அதே பேச்சுத்தான். அவள், “மாசாமாசமா மாமா?” என்று மட்டும் கேட்டாள். அந்த வி.ஏ.ஓ. கேட்டதை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

அவளுக்கு வேண்டியது என் பணம் இல்லை அக்கா. எந்த மாமனின் மனநிலையையும் நம்பி இருக்கத் தேவையில்லாத ஒன்று அவளுக்கு வேண்டும். எனக்கு வேலை போனாலும், உமாவுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாவிட்டாலும், நான் நாளைக்கே செத்தாலும் ஒன்றாம் தேதி வந்து சேர்கிற ஒன்று. நான் பாசத்தில் கொடுத்தால் அது என் பாசம் இருக்கிறவரைதான் வரும். அரசாங்கம் கொடுத்தால், நான் அவளை வீட்டைவிட்டு அனுப்பினாலும் வரும். அவள் பெயருக்கு வரும். உன்னிடமிருந்து நான் பிடுங்கியது அதைத்தான் என்று எனக்கு உன் பெண் புரிய வைக்க வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் சங்கத் தலைவர் போன் செய்தார். அந்தக் கட்சிக்காரர் கேட்டிருக்கிறாராம். வருகிற ஞாயிறு பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். இலவசங்களை நிறுத்த வேண்டும், பிள்ளைகள் குறைந்த அரசுப் பள்ளிகளை மூடி வேறு காரியத்துக்கு இடத்தைக் கொடுக்க வேண்டும் என்று. “நீங்களே டிராஃப்ட் பண்ணிடுங்க பாபு. நல்ல தமிழ் உங்களுக்குத்தான் வரும்” என்றார். அந்த நல்ல தமிழ் எந்தப் பள்ளிக்கூடத்தில் வந்தது என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்லை. ஆவடியில் படித்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

செயலாளர்தான் தீர்மானத்தை எழுந்து படிக்க வேண்டும். நான் எழுந்து படிக்கப்போகிறேன். தீர்மானத்தை இல்லை, இந்தக் கடிதத்தை. நேற்று அபியிடம் அதைச் சொன்னேன். கல்லூரிக்குப் போ என்று சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. படிக்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், “அம்மா பேரைச் சொல்லிப் படிப்பீங்களா?” என்றாள்.

“சொல்லுவேன்.”

“உங்க கையெழுத்து விஷயம்?”

“அதையும்தான்.”

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திங்கட்கிழமை அவள் கல்லூரிக்குக் கிளம்புவாளா, கம்பெனிக்குக் கிளம்புவாளா, எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பஸ் நிறுத்தம்தான்.

உனக்கு ஒன்று வாக்குக் கொடுக்கிறேன், என் வாக்கின் லட்சணம் உனக்குத் தெரிந்திருந்தாலும். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இனி எந்தத் தாளிலும் எழுதிக்கொடுக்க மாட்டேன். அவளுக்கென்று இந்த நாட்டில் எது எழுதியிருக்கிறதோ அது அவளுக்கு வந்து சேரும்வரை, எந்த ஆபீஸ் வரிசையிலும் அவளுக்குப் பின்னால் நிற்பேன். யார் வந்து கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை, நீ அன்று எழுதாமல் திருப்பிக் கொடுத்த வாக்கியத்தை நானே மைக்கில் படிப்பேன். கற்பகத்தை அவள் தம்பி பார்த்துக்கொள்ளவில்லை, அவன் சொன்னது பொய்.

இப்படிக்கு,
உன்னைப் பராமரித்து வருவதாகக் கையெழுத்துப் போட்ட
உன் தம்பி பாபு